காமிரா எங்கே நிற்கிறது?



பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றி நம்மில் பலர் கொண்டுள்ள கருத்து, 'கண்ணும் கெடும், காலமும் போகும்' என்பதே. அக்கருத்தை மறுப்பது இன்றைய பேச்சின் நோக்கம் அன்று. ஆயினும், அத்தகைய விளையாட்டு ஒன்றினுள்ளே, படம்பிடிக்கும் கலையின் அடிப்படைப் பாடம் ஒன்று அடங்கியிருக்கக் கண்டோம். அதைக் கண்ட விதத்தையும், கண்ட செய்தியையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் தமக்கையின் மகன் புனே நகரில் பிறந்து வளர்ந்தவன். பள்ளி இறுதி வகுப்பில் படிப்பவன். கோடை விடுமுறைக்கு டில்லியில் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். ஒரு நாள் மாலை, வாடிய முகத்தோடு கணினியை எங்கள் பக்கம் திருப்பி, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றான்.

திரையில் ஏதோ ஓர் அமெரிக்க நகரத்துக் கட்டடத்தின் முன்றில் தெரிந்தது. ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப்பலகையின்மேல் நின்றவாறு ஓர் இளைஞன் நமக்கு முதுகைக் காட்டி விரைந்து சென்றான். பலகையோடு சற்றே எழும்பினான். பலகை அவன் காலடியில் ஒருமுறை புரண்டது. பின்னர் இடுப்பளவு மறைந்து, அப்பால் உருண்டு போனான். இரண்டு மூன்று விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

"நன்றாகத்தானே இருக்கிறது?" என்றோம்.

"மூன்று வார உழைப்பு, மாமா. எத்தனையோ முறை விழுந்து எழுந்து, ஒரே ஒரு முறை சரியாக வந்தது. பன்னிரண்டு படிகள்!"

"படிகளா? படி எங்கே இருக்கிறது?"

"அதுதான் மாமா. நண்பர்களும் அப்படியே கேட்கிறார்கள். யாரோ திண்ணையிலிருந்து இறங்கிப் போவதுபோல் இருக்கிறதாம். இதை இனி விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்."

பிள்ளையின் வருத்தம் நியாயமானதே. இவ்வகை விளையாட்டில், கைக்கருவியிலுள்ள இரு சிறு தண்டுகளை இரு கட்டைவிரல்களால் அசைக்க வேண்டும். ஒன்று ஒரு பாதம், மற்றொன்று மறு பாதம். பலகையைத் தட்டி எழுப்புவதும், புரட்டுவதும், புரண்ட பலகையின்மேல் மீண்டும் கால் பதிப்பதும் அவ்விரு விரல்களின் நுண்ணிய அசைவில் அடங்கியுள்ளன. செய்த செயல் பெரிது. காட்டிய காட்சி சிறிது. உழைப்பில் பழுதில்லை, காமிரா நின்ற இடத்தில்தான் பழுது.

ஸ்கேட்போர்டு உலகில் படம் என்பது வெறும் நினைவுப்பொருள் அன்று, அதுவே சான்று. தெருவோரப் படிக்கட்டிலும் கைப்பிடிக் கம்பியிலும் ஒருவன் நிகழ்த்தும் வித்தையைக் காண அங்கே மேடையும் இல்லை, நடுவரும் இல்லை. 2021ஆம் ஆண்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றது உண்மையே. எனினும், அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே இவ்வீரர்களின் புகழ் வீடியோப் படங்களின் வழியாகவே பரவி வந்தது. 1984இல் ஸ்டேசி பெரால்டா இயக்கிய 'போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ' இவ்வகைப் படங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. 1991இல் 'வீடியோ டேஸ்' என்னும் படத்தை எடுத்த ஸ்பைக் ஜோன்ஸ், பின்னாளில் 'ஹெர்' என்னும் திரைப்படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிசு பெற்றவர். 1995இல் சோனி நிறுவனம் வெளியிட்ட விஎக்ஸ்1000 என்னும் கைக்காமிரா, மீன்கண் லென்ஸ் பூட்டப்பெற்று, இக்கலைஞர்களின் விருப்பக் கருவியாயிற்று. படம்பிடிப்பவரும் தாமே ஒரு பலகையில் ஏறி, காமிராவைத் தரையை ஒட்டித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வீரனுக்கு ஓரிரு முழ தூரத்தில் பின்தொடர்ந்து செல்வது வழக்கமாயிற்று.

கணினி விளையாட்டுகளும் இம்மரபைப் பின்பற்றின. 1999இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' விளையாட்டில், காமிரா வீரனுக்குப் பின்னே சற்று விலகி, உயர்ந்து நின்றது. ஆடுபவருக்குச் சுற்றுப்புறம் தெரியவேண்டும் என்பதே அதன் நோக்கம். 2007இல் வந்த 'ஸ்கேட்' விளையாட்டில் காமிரா தரையருகே தாழ்ந்து வந்தது. ஆடுபவர் தாமே படம்பிடிப்பவர்போல் உணர்ந்தார். 2020இல் வந்த 'ஸ்கேட்டர் எக்ஸ்எல்', 2022இல் முழு வடிவம் பெற்ற 'ஸெஷன்' ஆகியவற்றில், ஆடிய ஆட்டத்தை மீள்காட்சியாக நிறுத்தி, காமிராவை வேண்டிய இடத்தில் வைத்து, பார்வையின் அகலத்தை வேண்டியபடி மாற்றிப் படமெடுக்கும் வசதி உண்டு. எங்கள் மருமகன் பயன்படுத்தியதும் இவ்வசதியைத்தான். ஆனால் காமிராவை எங்கே வைப்பது, பார்வையை எவ்வளவு அகலமாக்குவது என்பவற்றுக்கு அவனிடம் ஒரு முறை இல்லை.

"குவியத்தூரத்தை முதலில் தெரிந்துகொள்" என்றோம்.

"குவியத்தூரா? அது எந்த ஊர் மாமா?" என்றான்.

புனேயில் வளர்ந்த பிள்ளை. அவனைக் குறை கூறுவதற்கில்லை. அலுவலகத்தில் ஒளியியல் குறிப்புகளைத் தமிழாக்கிய பழக்கத்தால் அச்சொல் எங்கள் நாவில் இயல்பாக வந்துவிட்டது. பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் கதிர்கள் ஒரு புள்ளியில் கூடிக் காகிதத்தைச் சுடுகின்றன அல்லவா? கண்ணாடிக்கும் அப்புள்ளிக்கும் இடைப்பட்ட தூரமே குவியத்தூரம். காமிராவின் லென்ஸில் இத்தூரம் குறைந்தால் பார்வை அகலும். கூடினால் பார்வை குறுகி, அதனுள் அகப்பட்ட சிறு பகுதி பெரிதாகத் தெரியும்.

36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பிலிம் சட்டத்தை அளவுகோலாகக் கொள்வது மரபு. அதன்படி 18 மில்லிமீட்டர் லென்ஸ் பக்கவாட்டில் 90 பாகை அகலத்தைக் காணும். 24 மில்லிமீட்டர் ஏறத்தாழ 74 பாகை. 35 மில்லிமீட்டர் 54 பாகை. 50 மில்லிமீட்டர் 40 பாகை. 100 மில்லிமீட்டர் 20 பாகை. 200 மில்லிமீட்டர் 10 பாகை. விளையாட்டினுள் கண்ணாடியும் இல்லை, பிலிமும் இல்லை, எல்லாம் கணக்கே. ஆயினும் அக்கணக்கு இதே வடிவ கணிதம்தான். ஆகவே, விளையாட்டில் பார்வைக் கோணம் பாகைக் கணக்கில் கொடுக்கப்பட்டிருந்தால், மேற்சொன்ன எண்களைக் கொண்டு அதற்கு இணையான லென்ஸை அறியலாம். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சில விளையாட்டுகள் பக்கவாட்டுக் கோணத்தைக் குறிக்கும். சில மேல்கீழ்க் கோணத்தைக் குறிக்கும். 16க்கு 9 என்ற விகிதமுள்ள திரையில், பக்கவாட்டில் 90 பாகை என்பது மேல்கீழாக 59 பாகையே ஆகும். எக்கோணம் என்று அறியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். அகன்ற லென்ஸ் பொருள்களை விலக்கிக் காட்டும், நீண்ட லென்ஸ் நெருக்கிக் காட்டும் என்று பலரும் கூறுவர். கண்ணுக்கு அவ்வாறு தோன்றுவதும் உண்மை. ஆனால் அதனைச் செய்வது லென்ஸ் அன்று. காமிரா நிற்கும் தூரம். ஓரிடத்தில் நின்று எந்த லென்ஸைப் பூட்டினாலும், முன்னுள்ள பொருளுக்கும் பின்னுள்ள பொருளுக்கும் உள்ள அளவு விகிதம் மாறுவதில்லை. படத்தின் எல்லை மட்டுமே மாறுகிறது. நின்ற இடத்தை மாற்றும்போதுதான் விகிதம் மாறுகிறது.

இதனைச் சோதித்துப் பார்க்க, மீள்காட்சியைப்போல் ஏற்ற சாதனம் வேறில்லை. உண்மை உலகில் ஒரே காமிராவால் நான்கு இடங்களிலிருந்து படமெடுக்க வேண்டுமானால், வீரன் நான்கு முறை தாண்டவேண்டும். நான்கு தாண்டலும் ஒன்றுபோல் இரா. மீள்காட்சியிலோ தாண்டல் ஒன்றே. காமிரா மட்டும் இடம் மாறும். அன்றிரவு உணவுக்குப்பின் நாங்கள் இருவரும் அமர்ந்து அதையே செய்தோம்.

முதலில் ஒரு கணக்குப் போட்டோம். படி ஒன்று 15 சென்டிமீட்டர் உயரம் என்று கொண்டால், பன்னிரண்டு படிகள் 1.8 மீட்டர், ஓர் ஆள் உயரம். மேல்தளத்தில் எழும்பும் உடலும், கீழ்த்தளத்தில் இறங்கும் உடலும் ஒரே சட்டத்துள் அடங்கவேண்டுமானால், ஏறத்தாழ 7 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் படத்துள் வரவேண்டும். அதற்கு 25 மில்லிமீட்டர் லென்ஸோடு 5 மீட்டர் தூரத்தில் நிற்கவேண்டும். 50 என்றால் 10 மீட்டர். 100 என்றால் 20 மீட்டர். 200 என்றால் 40 மீட்டர். குவியத்தூரம் இரட்டித்தால் நிற்கும் தூரமும் இரட்டிக்கிறது. வீரனின் உருவம் மட்டும் அதே அளவில் நிற்கிறது.

அவனுக்குப் பின்னே உள்ள உலகமோ அவ்வாறு நிற்பதில்லை. வீரனுக்கு 40 மீட்டர் பின்னால் அவனை ஒத்த உயரமுள்ள ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 5 மீட்டரிலிருந்து எடுத்த படத்தில் அவர் வீரனின் உருவத்தில் ஒன்பதில் ஒரு பங்காகத் தெரிவார். 40 மீட்டரிலிருந்து எடுத்தால் பாதியளவாக வளர்ந்துவிடுவார். இவ்வேறுபாட்டைத் திரையில் கண்டதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பின்னர், அவன் முதலில் எடுத்த படத்தை ஆராய்ந்தோம். காமிரா மேல்தளத்தில், வீரனுக்குப் பின்னே, வெகு தொலைவில், ஆள் உயரத்திற்கும் மேலே இருந்தது, லென்ஸ் நீண்டது. அங்கிருந்து நோக்கும் பார்வைக்கோடு, படிக்கட்டின் விளிம்பைத் தாண்டி நேரே கீழ்த்தளத்தின் கோடியில் போய் விழுகிறது. இடையில் இறங்கும் பன்னிரண்டு படிகளும் விளிம்பின் மறைவில் போய்விட்டன. தாண்டியதன் அருமை எதில் இருந்ததோ, அதுவே மறைந்துவிட்டது.

முதல் மாற்றமாக, காமிராவைப் படிக்கட்டின் அடியில், முழங்கால் உயரத்தில் வைத்து 24 மில்லிமீட்டருக்கு நிகராக அகலப்படுத்தினோம். படிகள் ஓங்கி எழுந்தன. 10 மீட்டருக்கு அப்பால் சிறு உருவாகத் தோன்றியவன், இரண்டரை மீட்டர் அருகில் வரும்போது நான்கு மடங்காக வளர்ந்தான். வேகம் கண்ணில் அறைந்தது. அகன்ற லென்ஸின் ஆற்றல் இதுவே: அருகில் வருவதையும் அகன்று போவதையும் மிகைப்படுத்திக் காட்டும், காண்பவரை வீரனின் தோழராக்கும்.

அடுத்து, பக்கவாட்டில் 10 மீட்டர் விலகி, 50 மில்லிமீட்டருக்கு நிகராக வைத்தோம். பரபரப்பு குறைந்தது, ஆனால் படிக்கட்டின் உயரமும் நீளமும் ஒருங்கே தெரிந்தன. எங்கே எழுந்தான், எங்கே இறங்கினான், பலகை எப்போது புரண்டது, எப்போது கால் பதிந்தது என்பவற்றில் ஐயத்திற்கு இடமில்லை. இது சாட்சியின் பார்வை.

மூன்றாவதாக, நேர் எதிரே 40 மீட்டர் தள்ளி, 200 மில்லிமீட்டருக்கு நிகராக்கினோம். படிகள் அடுக்கிய புத்தகங்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பின்னுள்ள கட்டடம் வீரனின் தோளருகே வந்து நின்றது. அவன் விரைந்து வந்தும், நின்ற இடத்திலேயே மிதப்பதுபோல் தோன்றியது. நகரத்தின் பெருமையும் தனியொருவனின் அமைதியும் வேண்டுமானால் இது நன்று. தாண்டிய நீளத்தைக் காட்ட இது உதவாது.

நான்காவதாக மீன்கண் பார்வை. இதில் இளைஞர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோணத்தை 120 பாகைக்கு விரித்துவிட்டால் மீன்கண் தோற்றம் வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். வராது. விளையாட்டின் இயல்பான பார்வை நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுவது. அதற்கு விலையாக, விளிம்பிலுள்ளதை இழுத்து நீட்டிவிடும். 120 பாகைப் பார்வையில், இடவலக் கோடியில் உள்ள பொருள், அதே தூரத்தில் நடுவே இருந்தால் தெரியும் அளவைவிட நான்கு மடங்கு அகலமாகவும் இரு மடங்கு உயரமாகவும் தோன்றும். வீரன் ஓரத்திற்கு வந்தால் பூசணிக்காயாகிவிடுவான். மெய்யான மீன்கண் லென்ஸோ, கோடுகளை வளைத்து, உருவத்தின் இழுவையைக் குறைக்கிறது. ஆகவே, வளைவைத் தரும் அமைப்பு விளையாட்டில் தனியாக இருந்தால் அதைக் கையாளவேண்டும். இல்லையெனில் 90 பாகையோடு நின்று, வீரனை நடுவில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. மீன்கண் பார்வைக்குக் காமிரா ஒரு மீட்டர் அளவில் நெருங்கி இருக்கவேண்டும். நான்கு மீட்டர் விலகிவிட்டால் வீரன் எறும்பாவான். வளைந்த கட்டடங்களே எஞ்சும்.

மற்றொரு குற்றத்தையும் சொல்லவேண்டும். மீள்காட்சியில் தொடக்கத்தில் ஓரிடமும் முடிவில் ஓரிடமும் குறித்துவிட்டால், இடைப்பட்ட பாதையைக் கணினி தானே நிரப்பிவிடும். அவ்விரு இடங்களிலும் பார்வைக் கோணம் வெவ்வேறாக இருந்தால், காமிரா நகரும்போதே லென்ஸும் மாறும். அப்போது வீரன் அதே அளவில் இருக்கப் பின்புலம் மட்டும் வீங்கியோ சுருங்கியோ போகும். 1958இல் ஹிட்ச்காக் 'வெர்ட்டிகோ' படத்தில் தலைச்சுற்றலைக் காட்ட வேண்டுமென்றே கையாண்ட உத்தி இது. அறியாமல் நேர்ந்தால் காண்பவருக்குத் தலைச்சுற்றலே மிஞ்சும். தாண்டல் முடியும்வரை குவியத்தூரம் ஒன்றாகவே இருப்பது நலம்.

அவ்வாறே, காமிரா சுவரை ஊடுருவிச் செல்லலாம், வானில் பறக்கலாம் என்பதற்காக அவ்வாறெல்லாம் செய்துவிடக் கூடாது. மனிதர் ஒருவர் நிற்கக்கூடிய இடத்தில், அவர் பிடிக்கக்கூடிய உயரத்தில், அவர் திரும்பக்கூடிய வேகத்தில் காமிரா இருந்தால், அங்கே ஒருவர் நின்று பார்த்தார் என்ற நம்பிக்கை பிறக்கும். அந்நம்பிக்கை இல்லையேல், தாண்டியதையும் நம்பமாட்டார்கள்.

இந்த நான்கனுள் எது சிறந்தது என்று மருமகன் கேட்டான். ஆறு படிகளைப் பன்னிரண்டாகக் காட்ட அகன்ற லென்ஸால் முடியும். பன்னிரண்டைத் திண்ணையாகக் காட்ட நீண்ட லென்ஸால் முடியும். இரண்டும் உண்மைக்குப் புறம்பே. ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'எந்த லென்ஸ்?' என்பது அன்று. 'இச்செயலின் அருமை எதில் இருக்கிறது?' என்பது. வேகத்தில் இருந்தால் நெருங்கி நில். அளவில் இருந்தால் பக்கத்தில் விலகி நில். இடத்தில் இருந்தால் தொலைவில் நில். நிற்குமிடம் முடிவானால், குவியத்தூரம் தானே முடிவாகிவிடும்.

அவன் சற்று நேரம் யோசித்தான். பின்னர் பக்கவாட்டுப் பார்வையையே தேர்ந்தெடுத்தான். ஓடி வருவதிலிருந்து உருண்டு போவது வரை வெட்டாமல் முழுதாகக் காட்டினான். இறங்கிய பின்னர் நிலைதவறாமல் உருண்டு சென்றதைக் காட்டாவிட்டால் அத்தாண்டல் கணக்கில் வராது என்பது அவ்வுலகத்தின் அறமாம். அதன்பின், அடியிலிருந்து எடுத்த அகன்ற பார்வையை ஒருமுறை சேர்த்தான். புதிய படத்தை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு உறங்கப் போனான். காலையில் ஒருவனிடமிருந்து வந்திருந்த மறுமொழியை ஓடிவந்து காட்டினான். அதில் ஒரே வரி: 'எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு.'

மூன்று வாரங்கள் அவன் அருகிலிருந்து அவ்வுழைப்பைக் கண்டவர் ஒருவருமில்லை. அவனுடைய பெற்றோரும் மூடிய கதவுக்கு வெளியே நின்று, 'காலம் போகிறதே' என்றுதான் கவலைப்பட்டிருப்பார்கள். நாங்களும் அதையே சொல்லியிருப்போம். பிள்ளைகளின் முயற்சியில் படிகள் இல்லை என்று முடிவு கட்டுமுன், நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. சில வேளைகளில், நாலடி நகர்ந்து நின்றாலே படிகள் தெரிந்துவிடுகின்றன.